குருக்கள் பார்க்கப் போன மாயா தெய்வங்கள்

"இவரைக் கார்த்தால யாரு எழுப்பறா?" என்று எங்கள் கோயில் குருக்கள் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், கல்லில் செதுக்கிய மழைக் கடவுள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீண்டு வளைந்த மூக்கு, கையில் மேகத்தைப் பிளக்கும் கோடரி, அந்தக் கோடரியில் பாதியைக் காணோம். எதிரே எங்கள் குருக்கள், வேட்டிக்கு மேலே கறுப்பு ஜாக்கெட்டும் காலில் என் கணவருடைய பழைய வெள்ளை ஸ்னீக்கரும் போட்டுக்கொண்டு நின்றார். அவர் கேட்டது என்னை அல்ல, மூலையில் நின்ற காவலரை. காவலருக்குத் தமிழ் தெரியாதாகையால் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அறுபது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் மெக்சிகோவின் தென்கோடியிலிருந்து வந்தவர் என்று பிறகு சொன்னார். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான். ஒன்பதரைக்கு வந்து லைட் போடுகிறேன்" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் குருக்கள் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "அப்போ அவரும் நம்ம மாதிரிதான்னு சொல்லுங்கோ" என்றார். அதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. நாங்கள் இருப்பது டெக்சாஸில், பிளானோவில். அப்போது எங்கள் கோயில் ஒரு கடை வரிசையில், பல் டாக்டருக்கும் கராத்தே வகுப்புக்கும் நடுவே, இரண்டு கடைகளின் சுவரை இடித்துச் சேர்த்த இடத்தில் இருந்தது. நான் கமிட்டி செக்ரட்டரி. ஆபீசில் மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. கோயிலிலும் அதையேதான் செய்கிறேன் என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். பொங்கலில் உப்பு அதிகம், ஷூ ரேக் அலங்கோலம், ஆரத்தி பத்து நிமிடம் லேட் என்று யாரையாவது பிடித்துக் காய்ச்சாமல் நான் வீடு திரும்பிய நாள் குறைவு. குருக்களிடம் மட்டும் என் பாச்சா பலிக்காது. எவ்வளவு கத்தினாலும் "சரிம்மா, பாத்துக்கறேன்" என்பார். அதற்கு மேல் ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் மாயவரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். எங்களிடம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். கோயில் ஸ்பான்சர் செய்த விசா முடிவதற்குள் அவருக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணுவதாகக் கமிட்டி வாக்குக் கொடுத்திருந்தது. அது கிடைத்தால் மனைவியும் மகளும் இங்கே வந்துவிடலாம். மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் நடை திறப்பதற்கு முன்னால் பார்க்கிங்கில் நின்று, அப்போதுதான் பள்ளி விட்டு வந்திருக்கும் அவளைப் போனில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் உள்ளே வருவார். இங்கே எந்த ஸ்கூல் நல்லது, தமிழ் மீடியத்தில் படித்த குழந்தை சமாளிக்குமா என்று என்னிடம் இரண்டு மூன்று முறை விசாரித்திருக்கிறார். வேறு எதற்கும் அவர் வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எங்கள் கோயிலில் புறப்பாட்டுக்கு என்று இரண்டடி உயரத்தில் பஞ்சலோக அம்பாள் ஒருத்தி உண்டு. அவளுக்கு அவர் அபிஷேகம் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். டிசம்பர் குளிரில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அம்பாள் தலையில் விடுவார். ஈரம் ஒற்றி எடுக்கும்போது காது மடல், கழுத்து மடிப்பு, கால் விரல் இடுக்கு எதையும் விட மாட்டார். மந்திரத்துக்கு நடுவே, "இதோ ஆச்சு, ஆச்சு" என்று மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். குளிப்பாட்டும்போது சிணுங்கும் பிள்ளையிடம் சொல்வது போல இருக்கும். நான் அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி நிற்பேன். அம்பாளின் வலக் கையில் ஒரு பூச் செருகுவது வழக்கம். கடைசி இரண்டு வருடங்களாக அந்தப் பூ பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் ரோஜா, பிறகு பெரிய ரோஜா, பிறகு கை முழுக்க மறைக்கும் லில்லி. "என்ன சாமி, அம்பாள் பூ வெச்சிருக்காளா, பூ அம்பாள வெச்சிருக்கா?" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை என்னிடம் வந்து, சனிக்கிழமை மத்தியானம் ஒரு இடத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார். ஒரு மணி நேர டிரைவில் ஒரு மியூசியத்தில் மெக்சிகோ பக்கத்துப் பழைய குடிகளான மாயா மக்களின் தெய்வங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம், அர்ச்சனைக்கு வந்த ஒரு டாக்டர் சொன்னாராம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாலு வருடத்தில் அவரை எத்தனை பேர் எத்தனை இடத்துக்குக் கூப்பிட்டிருப்போம். "எனக்கெதுக்கும்மா" என்று சொல்லிவிடுவார். என் மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, அவளைத் திரும்ப அழைத்து வரக் கணவரிடம் சொல்லிவிட்டு, உச்சிக்காலம் முடிந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சாயரட்சைக்கு நாலரைக்குள் திரும்பியாக வேண்டும்.

மியூசியத்தில் மற்றவர்கள் எல்லாம் சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிலையைப் பார்த்தார்கள். இவர் பலகைப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு சிலையிலும் அதைக் கவனித்துக்கொண்டவனின் வேலையைத் தேடினார். ஒரு கல் தெய்வத்தின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் வேலையே இல்ல பாருங்கோ. செவுத்த ஒட்டி வெச்சிருந்திருக்கா" என்றார். தெய்வ முகம் வைத்த களிமண் தூபக்கால் ஒன்றின் உள்விளிம்பில் கருப்பேறியிருந்ததைக் காட்டி, நன்றாகச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், சோம்பேறித்தனம் பண்ணவில்லை என்று மெச்சிக்கொண்டார். இன்னொன்றின் மூட்டு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. தினம் தூக்கி வைத்தவன் கை பட்டுத் தேய்ந்தது என்றார். ஒரு கால் பாம்பாகவும் நெற்றியில் புகையும் கோடரியுமாக நின்ற மின்னல் கடவுளைப் பார்த்து நான் கொஞ்சம் மிரண்டேன். குருக்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. யானைத் தலை சாமிக்குத் தினம் அருகம்புல் சாத்துகிறவருக்குப் பாம்புக் கால் ஒரு அதிசயமா?

பலகைகளை நான்தான் படித்துச் சொன்னேன். மாயா தெய்வங்களும் பிறப்பார்கள், வளர்வார்கள், இறந்து மறுபடி பிறப்பார்கள் என்று ஒன்றில் இருந்தது. மக்காச்சோளத்தின் கடவுள் ஓர் அழகான இளைஞன். ஒவ்வோர் அறுவடையிலும் தலை போய், ஒவ்வொரு மழையிலும் ஆமை ஓட்டின் பிளவிலிருந்து முளைத்து வருகிறவன். அந்தச் சிலை கூடத்தின் நடுவில் தனியாக இருந்தது. கண்ணை லேசாக மூடி, ஏதோ பாட்டுக் கேட்பவன் மாதிரி. ஒரு கை மணிக்கட்டோடு போயிருந்தது. சுற்றி வர இடம் இருந்ததால் குருக்கள் மூன்று முறை பிரதட்சிணமாகச் சுற்றினார். பின்னாலேயே ஓர் அமெரிக்கத் தம்பதியும் அதுதான் முறையாக்கும் என்று சுற்றினார்கள். ஒரு பானையின் சித்திரத்தில் தெய்வத்தின் முன்னால் தட்டு வைத்திருந்தது. சோள மாவைப் பிசைந்து, உள்ளே ஏதோ வைத்து, இலையில் சுற்றி அவித்த பலகாரம் என்று படித்துச் சொன்னேன். "கொழுக்கட்டைன்னு சொல்லுங்கோ" என்றார் திருப்தியாக. இன்னொரு பலகையில், அரசர்கள் தங்கள் தெய்வங்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிப் பார்த்துக்கொண்டார்கள் என்றும், தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள உறவாக அதை எழுதி வைத்தார்கள் என்றும் இருந்தது. தெய்வம் குழந்தை, அரசன் தாய். அதை மட்டும் குருக்கள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

கடைசி அறையில் எல்லாமே உடைந்தவை. நகரங்களை விட்டுப் போகும்போது அவர்களே உடைத்துப் புதைத்தவை சில, காலத்தில் உடைந்தவை சில. அங்கே ஒரு பெரிய தூபக்கால் இருந்தது. ஐம்பது அறுபது துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒட்டிய கோடுகளை யாரும் மறைக்கவில்லை. கிடைக்காத துண்டின் இடத்தில் வெறும் மண் நிறத்தில் பூசி விட்டிருந்தார்கள். குருக்கள் அதன் முன்னால் குனிந்தும் நிமிர்ந்தும் வெகுநேரம் நின்றார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாயரட்சை, டிராஃபிக் என்று நான் முணுமுணுக்க ஆரம்பித்தபோது, அங்கே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். ஜாக்கெட் பையிலிருந்து சிவப்புப் பட்டுத் துணி முடிச்சு ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே அரை இஞ்சு நீளத்தில் ஒரு உலோகத் துண்டு இருந்தது.

"அம்பாளோட சுண்டுவிரல். ரெண்டு வருஷமாறது. என் கை விட்டுடுத்து" என்றார்.

லில்லிப் பூவின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அலங்காரத்தில் பூவும், அபிஷேகத்தில் சந்தனமுமாக இரண்டு வருடம் அவர் அதை மறைத்து வைத்திருந்தார். இனி முடியாது. இன்ஷூரன்ஸுக்காக எல்லா விக்கிரகங்களையும் அலங்காரம் இல்லாமல் நாலு பக்கமும் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். செவ்வாய்க்கிழமை போட்டோக்காரர் வருகிறார். ஏற்பாடு செய்தவளே நான்தான். பின்னமான விக்கிரகம் என்றால் தண்ணீரில் விட்டுவிட்டு வேறு வாங்கு என்றுதான் நம் ஜனங்கள் சொல்வார்கள். விரல் நுனி போன்ற சின்ன அங்கத்துக்கு அப்படியில்லை, பரிகாரம் செய்து ஒட்டிக்கொள்ள சாஸ்திரத்தில் இடம் உண்டு என்றார் அவர். ஆனால் ஏற்கெனவே ஒரு குடும்பம் மூன்றடியில் புது அம்பாள் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தால் பழையவளை ஏதாவது ஏரியில் போட்டுவிடுவார்கள். உடைந்த தெய்வத்தை இந்த ஊரில் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். அவளை ஒட்டி வைத்துக்கொள்ள மட்டும் நான் கமிட்டியில் பேச வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் விடுகிற ஆளா? எப்போது, எங்கே, எப்படி என்று கேள்விகளை அடுக்கினேன். அவர் சுற்றி வளைத்தார். கடைசியில், "திருக்கல்யாணத்தன்னிக்கு, வேன்ல" என்றார். வேன் என்னுடையது. ஓட்டியதும் நான்.

கோயிலில் இடம் போதாதென்று அந்த வருடத் திருக்கல்யாணத்தை ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் வைத்திருந்தோம். பின்சீட்டில் இடது ஓரம் அம்பாளை உட்கார வைத்து, சுற்றிலும் தலையணை அண்டக் கொடுத்து, சீட் பெல்ட்டும் போட்டிருந்தோம். நடுவில் குருக்கள். வலது ஓரம் ஒன்பது வயதான என் மகள். விடியற்காலையில் எழுப்பிப் பட்டுப்பாவாடை கட்டி ஏற்றியதில் அவள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். சாப்பாடு கொண்டு வர வேண்டியவர் சரியான நேரத்துக்கு வர முடியாது என்று போன் பண்ண, நான் டோல்வேயில் மணிக்கு எழுபத்தைந்து மைலில் போய்க்கொண்டே ஸ்பீக்கரில் அவரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிக்கப் டிரக் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வந்தது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஏதோ பித்தளைப் பாத்திரம் இடிபட்ட சத்தம். குடம் உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது குருக்களின் இரண்டு கையும் என் மகளின் மார்புக்குக் குறுக்கே இருந்தன. அவள் கண்ணை விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். "ஒண்ணுமில்லம்மா, நீங்க பாத்து ஓட்டுங்கோ" என்றார் அவர். நானும் போனில் விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.

மியூசியம் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வேன் கண்ணாடியை மனதுக்குள் மறுபடி பார்த்தேன். இரண்டு கையும் என் மகள் மேல் இருந்தால் அம்பாளை யார் பிடித்திருந்தார்கள்? "சாமி, பாப்பா பெல்ட் போடலையா?" என்று கேட்டேன். அவர் பட்டுத்துணியைத் திரும்ப முடிச்சுப் போட்டார். நான் மறுபடி கேட்டேன்.

"தூங்கறதுக்குத் தோதா கழட்டிட்டா போலருக்கு. நான் ரெண்டு கையாலயும் அம்பாளத்தான் பிடிச்சிண்டிருந்தேன். நீங்க பிரேக் போட்டேள், குழந்தை முன்னாடி போறா. அப்பறம் யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?"

அம்பாள் பெல்ட்டிலிருந்து நழுவி முன்னால் சாய்ந்ததில், கீழே வைத்திருந்த குடத்தின் விளிம்பில் கை பட்டு விரல் போயிருக்கிறது. அன்று தாலி கட்டும்போது ஐந்நூறு பேர் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது அந்தக் கையைத்தான். நான் பெஞ்சிலேயே அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். காவலர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். செவ்வாய்க்கிழமை வரை எதற்குக் காத்திருப்பது, இன்றைக்கே கமிட்டித் தலைவருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். குருக்கள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சொல்லப்படாது" என்றார். பிறகு தணிந்து சொன்னார். "நம்மவா நல்லவாதான், ஆனா வாய் இருக்கே. உங்க பொண்ணால அம்பாள் விரல் போச்சும்பா. நாளைக்கு அவளுக்கு ஒரு ஜுரம் வந்தாலும் இதோட முடிச்சுப் போடுவா. கல்யாணத் தடைன்னாலும் இதுதான்பா. குழந்தை காதுல இது விழவே கூடாது. எனக்கு நீங்க சத்தியம் பண்ணித் தரணும்." சோளக் கடவுள் அடுத்த அறையில் இருக்க, நான் சத்தியம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை போட்டோ எடுத்தார்கள். வியாழக்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் கெட்டவர் அல்ல. பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பார். "விரல் உடைஞ்சது வேற விஷயம். ரெண்டு வருஷம் மறைச்சிருக்கார் பாருங்க, அதைத்தான் என்னால அக்ஸப்ட் பண்ண முடியல" என்றார். எப்படி நடந்தது என்று குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேஜையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமல், "வேன்ல வர்றச்சே என் கை தவறிடுத்து. என் தப்புதான்" என்றார். தன் விசாவைப் பற்றியோ கிரீன் கார்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அம்பாளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விரல்தான் போயிருக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம், விதி இருக்கிறது என்று எந்தக் கிரந்தத்தில் எந்த இடத்தில் என்பது வரை சொன்னார். மியூசியத்தில் பார்த்த அந்தத் தூபக்காலைப் பற்றியும் சொன்னார். "வேத்து மனுஷா, யாருன்னே தெரியாதவா சாமிய இவ்ளோ பொறுமையா ஒட்டி வெச்சிருக்கா" என்றார்.

நானும் பேசினேன். அம்பாளை ஒட்ட வேண்டும் என்று கத்தியே பேசினேன், அது நிறைவேறியது. ஆனால் மற்றதைப் பேசவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அந்த மேஜையைச் சுற்றி இருந்த பதினோரு முகங்களையும், அவை ஒவ்வொன்றும் வீட்டுக்குப் போய் ஒன்பது பேரிடம் சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் மகளைப் பார்த்து ஆன்ட்டிகள் குரலைத் தாழ்த்துவதை நினைத்தேன். ஊரிலிருந்து என் மாமியார் பரிகாரப் பட்டியல் அனுப்புவதை நினைத்தேன். சத்தியம் செய்திருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மகளுக்காக மட்டும் வாயை மூடினேன் என்றால் அது பாதிதான் உண்மை. ஊரார் குற்றத்தை எல்லாம் கண்டுபிடிக்கிறவள், டோல்வேயில் அம்பாளையும் பெற்ற பெண்ணையும் பின்னால் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்காரரோடு சண்டை போட்டாள், பெல்ட் போட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடுமே என்கிற பயம் மறு பாதி. மினிட்ஸ் எழுத வேண்டியவள் நான். குனிந்து எழுதினேன். குருக்கள் கை தவறியதால் விரல் உடைந்தது, அவரே ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அவருக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணுவதில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. எட்டு பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை, அதில் என்ன பெருமை? ஊருக்குப் போவதற்கு முன்னால் ஸ்தபதி வந்து விரலை ஒட்டும் வரை இருக்க அனுமதி கேட்டார், கொடுத்தார்கள். ஒட்டி, பரிகாரம் முடித்து, அம்பாளைத் திரும்ப எழுந்தருளச் செய்த அன்று அவள் கையில் ஒரு சின்ன மல்லிகை மொட்டு மட்டும் வைத்திருந்தார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு விட்டேன். அவர் மகளின் ஸ்கூலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறங்கும்போது, "பொண்ணு பெல்ட் போட்டுண்டாளான்னு தினம் ஒரு தடவை பாத்துடுங்கோ" என்றார். இப்போதும் யார் என் வண்டியில் ஏறினாலும், எண்பது வயது ஆளானாலும், திரும்பிப் பார்த்துப் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் நான் கிளப்புவதில்லை.

ஆறு வருடம் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் மகள் ஊரிலேயே பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் பண்ணுவேன். அம்பாள் எப்படி இருக்கிறாள், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவர் இரண்டு கேள்வி கேட்பார். என் மகளுக்கு இப்போது பதினேழு. போன மாதம் அவள் லைசென்ஸ் வாங்கி, முதல் முறையாக என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து டோல்வேயில் ஓட்டினாள். ஒரு கார் குறுக்கே வந்தது. அவள் நிதானமாகத்தான் பிரேக் போட்டாள். எனக்குத்தான் கை தானாக நீண்டு அவள் மார்புக்குக் குறுக்கே போய் நின்றது. "அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு கடை வாசலில் நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை மீறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் அன்று தமிழிலேயே கேட்டாள்.

"அவர் பொண்ணு இங்க வரவே இல்லையா?"

இல்லை என்றேன். "தென் யூ ஹாவ் டு டெல் தெம், அம்மா. என் பேரையும் சொல்லு. ஐ டோன்ட் கேர்" என்றாள். அன்று இரவே குருக்களுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது காலை. சத்தியத்தை உடைத்ததைச் சொல்லி, இனி கமிட்டிக்கும் சொல்லப் போகிறேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "குழந்தை என்ன சொல்றா?" என்று கேட்டார். சொல்லச் சொல்கிறாள் என்றேன். "அவளே சொன்னாளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ அவ சொல்றபடி பண்ணுங்கோ" என்றார்.

இப்போது கோயில் பெரிய இடத்துக்குப் போய்விட்டது. நான் செக்ரட்டரி இல்லை, சாதாரண மெம்பர். போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பழைய தலைவரும் முன்வரிசையில் இருந்தார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள். வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று கேட்டபோது எழுந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய மினிட்ஸ் ஒன்றில் திருத்தம் இருக்கிறது என்றேன். இவள் எப்போதும் இப்படித்தான் என்று நாலைந்து பேர் சிரித்தார்கள். மகள் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

"குருக்கள் கை தவறியதால் அம்பாளின் விரல் உடைந்தது என்று நான் எழுதியது பொய். வண்டியைத் தாறுமாறாக ஓட்டியது நான். அவர் கை தவறவில்லை. அந்தக் கை அப்போது என் மகளைப் பிடித்திருந்தது."